ஒன்பது வருஷம் நின்ற அம்பாசிடர்: ஜாம் ஆன இன்ஜினை விடுவித்த முறை

வண்டி 1986 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். 2014-இல் கார்புரேட்டர் கோளாறு என்று நிறுத்தியது. கழற்றிய கார்புரேட்டர் டிக்கியிலேயே கிடந்தது, காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் வாயை யாரும் அடைக்கவில்லை. சென்னைக்குத் தெற்கே, கடலுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள், முன்பக்கம் திறந்த ஷெட். ஒன்பது ஐப்பசி மழையைப் பார்த்துவிட்டது. 2023-இல் ஹேண்டில் போட்டுச் சுற்றியபோது இம்மியும் அசையவில்லை.

"இன்ஜின் ஜாம்" என்று பட்டறையில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தைக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. எது பிடித்திருக்கிறது, எந்த இடத்தில், எந்தப் பக்கம் தள்ளினால் குறைவாகக் கெடும் என்று தெரியாமல் கம்பியை நீட்டுவதால்தான் நல்ல இன்ஜின்கள் பழைய இரும்புக்குப் போகின்றன. துரு உடைத்த இன்ஜினைவிட அவசரம் உடைத்த இன்ஜின் அதிகம்.

முதலில் இந்த இன்ஜினைப் பற்றி. பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி சீரிஸ் வடிவமைப்பு. 1489 சிசி, நான்கு சிலிண்டர், போர் (சிலிண்டரின் உட்துளை) 73.025 மி.மீ. விட்டம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ. பிளாக்கும் அதை மேலே மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். தனி ஸ்லீவ் (உள்ளே செருகும் குழாய்) கிடையாது, பிளாக்கிலேயே போர் வெட்டியிருக்கும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் மூன்றே மெயின் பேரிங்கில் சுற்றும். பருமனான, பொறுமையான இன்ஜின். விடுவிக்கும் வேலைக்கு இதைவிட ஒத்துழைக்கும் இன்ஜின் நம் ஊரில் அதிகம் இல்லை.

உண்மையில் பிடித்திருப்பது இன்ஜின்தானா?

பேட்டரி இணைப்பைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, ஃபேன் பெல்ட்டை எடுத்துவிட வேண்டும். வாட்டர் பம்ப்போ டைனமோவோ துருப்பிடித்து இறுகியிருந்தாலும் பெல்ட் வழியாக இன்ஜின் கனமாகத் தெரியும். அடுத்து செல்ஃப் (ஸ்டார்ட்டர்) மோட்டார். அதன் பினியன் ஃபிளைவீல் பல்லில் கடித்துக்கொண்டு நின்றால் இன்ஜின் செத்தது போலவே இருக்கும். இரண்டு போல்ட்டைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்தால் சந்தேகம் தீர்ந்தது. இந்த வண்டியில் வாட்டர் பம்ப் கனமாகத்தான் இருந்தது, ஆனால் அதை விலக்கிய பிறகும் கிராங்க் அசையவில்லை.

பிறகு நான்கு பிளக்கையும் கழற்ற வேண்டும். துளையிலிருந்து தண்ணீர் வந்தால் கதை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டிகளில் பலவும் அந்த வகை: ஓடும்போதே ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் குடித்து நின்றவை. தண்ணீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும். அதை விடுவித்து ஓட்டிவிட்டால் சில நூறு கிலோமீட்டரில் ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வரும். அப்படிப்பட்ட வண்டியில், சுற்ற ஆரம்பித்ததும் நான்கு பிஸ்டனும் உச்சிக்கு வரும் உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஒன்று மட்டும் ஒரு மி.மீ. தாழ்ந்து நின்றாலும் அந்த ராட் வளைந்ததுதான்.

ஆயில் இல்லாமல் ஓடியோ கொதித்தோ நின்ற இன்ஜின் இன்னொரு வகை. அதில் அலுமினியம் உருகிப் போரில் தேய்ந்து ஒட்டியிருக்கும், அல்லது பேரிங் ஷெல் கிராங்கோடு சேர்ந்து பிடித்திருக்கும். எந்த எண்ணெயை ஊற்றி ஊறவைத்தாலும் அது இளகாது. பிரித்தே ஆக வேண்டும். வண்டி கடைசியாக எப்படி நின்றது என்று உரிமையாளரிடம் கேட்பது ஸ்பானரை எடுப்பதற்கு முந்தைய வேலை. இந்த வண்டி தன் காலில் ஷெட்டுக்குள் வந்து நின்றது. ஆகவே மிஞ்சுவது ஒன்றுதான்: நின்ற இடத்தில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் போருக்கும் நடுவே ஏறிய துரு.

கயிறு கட்டி இழுக்காதீர்கள்

ஊரில் முதலில் வரும் யோசனை இது: டாப் கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுத்தால் விட்டுவிடும். கணக்கைப் பாருங்கள். அம்பாசிடரின் பின்சக்கரங்கள் மேல் சுமார் அரை டன் எடை இருக்கிறது. காய்ந்த சாலையில் அவற்றின் பிடி 400 கிலோ அளவுக்கு வரும். டயரின் ஆரம் சுமார் 32 செ.மீ., டிஃபரென்ஷியல் விகிதம் சுமார் நாலரை. கிராங்கில் சேரும் முறுக்கு ஏறக்குறைய 275 நியூட்டன் மீட்டர். அதுவும் படிப்படியாக ஏறுவதில்லை, கயிறு விறைத்த கணத்தில் ஒரே அடியாக விழும். பிடித்திருப்பது ஒரு பிஸ்டனின் ரிங்குகள் மட்டும் என்றால் அத்தனையும் அந்த ஒரு பிஸ்டன் மேல்தான். ரிங் உடையும், ரிங் உட்காரும் காடியின் விளிம்பு பெயரும், உடைந்த துண்டு போரைக் கோடு கிழிக்கும்.

கையால் செய்வதற்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளலாம். 60 செ.மீ. கம்பியின் நுனியில் 20 கிலோ அழுத்தம், அதாவது சுமார் 120 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் தேவைப்பட்டால் இன்னும் ஊற வேண்டும் என்று பொருள். கம்பி நீளம் போதவில்லை என்று பொருள் இல்லை.

ஊறவைத்தல்

நான்கு போரிலும் 50 மில்லி வீதம் ஊற்றியது: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் மெல்லிய ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதி. இரண்டும் சரியாகக் கலந்து நிற்காது, ஒவ்வொரு முறையும் புட்டியைக் குலுக்கிவிட்டு உடனே ஊற்ற வேண்டும். அசிட்டோன் ஆயிலை மெலிதாக்கி இடுக்குக்குள் கொண்டுபோகும். பிறகு அது ஆவியாகிவிடும், ஆயில் அங்கேயே தங்கும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், பெயிண்டை உரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. இதை ஊற்றிய இன்ஜின் பக்கத்தில் கேஸ் டார்ச், பீடி, எதுவும் வேண்டாம். அசிட்டோன் கிடைக்காவிட்டால் டீசலும் அதே ஆயிலும் சரிபாதி போதும். வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

புளிக்கரைசல், வினிகர், எலுமிச்சை என்று ஊற்றுகிறவர்களும் உண்டு. பித்தளைப் பாத்திரத்துக்கு அது சரி. இங்கே அந்த அமிலம் பிஸ்டனின் அலுமினியத்தையும் தொடும், ரிங் காடிக்குள் போய்விட்டால் கழுவி எடுக்கவும் முடியாது. காஸ்டிக் சோடா இன்னும் மோசம், அலுமினியத்தைத் தின்றே விடும்.

73 மி.மீ. போரில் 50 மில்லி என்றால் பிஸ்டன் தலைக்கு மேல் சுமார் 12 மி.மீ. உயரம். இந்த உயரத்தைத் தினமும் அளந்தால் ஹெட்டைத் திறக்காமலே நோய் இருக்கும் இடம் தெரிந்துவிடும். பிளக் துளை வழியாக ஒரு மெல்லிய வெள்ளை நைலான் பட்டையை விட்டு எடுத்து, நனைந்த அளவைப் பார்த்தால் போதும். மறுநாள் காலையில் 1, 2 சிலிண்டர்கள் காலி. ரிங் இடைவெளி வழியாகக் கீழே ஆயில் தேங்கும் சம்புக்கு இறங்கிவிட்டது. அங்கே அடைப்பு இல்லை. 4-ஆவது மூன்று நாளில் வற்றியது. 3-ஆவது ஐந்தாம் நாளும் அப்படியே நின்றது. துரு ரிங்கின் வாயை மூடி, மூடி போட்ட பாத்திரம் மாதிரி ஆக்கியிருந்தது. பிடித்திருப்பது மூன்றாவது சிலிண்டர்.

வற்றியதில் மறுபடி ஊற்றி, பிளக்கை விரலால் மட்டும் திருகி மூடி, எட்டு நாள் விட்டாயிற்று. நடுவில் இரண்டு முறை தெர்மோஸ்டாட் வாய் வழியாக 80 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரை வாட்டர் ஜாக்கெட்டில் ஊற்றியது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். இன்ஜின் முழுவதும் சூடானால் பிஸ்டன் இன்னும் இறுகத்தான் செய்யும். தண்ணீரோ பிளாக்கை முதலில் சூடாக்குகிறது: 60 டிகிரி ஏறினால் போர் சுமார் 0.05 மி.மீ. அகலும், பிஸ்டனுக்குச் சூடு போய்ச் சேரச் சில நிமிஷம் ஆகும். அந்தச் சில நிமிஷத்தில் விழும் இடைவெளியில்தான் ஆயில் இறங்குகிறது. ஆறும்போது இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ஆகவே சூடாக்குவது திருகுவதற்காக இல்லை, ஆயிலை உள்ளே அனுப்புவதற்காக.

ஒன்பதாம் நாள் கிராங்க் முன்முனையில் ஹேண்டில் மாட்டும் நட்டில் பெரிய பாக்ஸ் ஸ்பானர் போட்டு 120 நியூட்டன் மீட்டர் வரை கொடுத்துப் பார்த்தது. அசையவில்லை. ஹேண்டில் ராடையே இதற்குப் பயன்படுத்தக் கூடாது, பல் வழுக்கினால் மணிக்கட்டு போகும். கம்பி வைப்பதற்கு முன் வால்வை அமுக்கும் ராக்கர்களின் ஸ்க்ரூ எல்லாவற்றையும் தளர்த்திவிட்டிருந்தது. ஒன்பது வருஷம் நின்ற வால்வு கைடில் ஒட்டியிருக்கும். கிராங்க் திடீரென்று விட்டால் கேம் தள்ளும் புஷ் ராட் அந்த வால்வில் முட்டி வளையும். ஜாமை எடுத்த சந்தோஷத்தில் புஷ் ராடை வளைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிற விஷயம்.

ஹெட்டைத் திறந்தபோது

இந்த இன்ஜினில் ராக்கர் ஷாஃப்டின் தாங்கிகளும் ஹெட் ஸ்டட்டுகளில் சிலவற்றையே பகிர்ந்துகொள்கின்றன. ராக்கரை மட்டும் எடுக்கிறோம் என்று நட்டைக் கழற்றினாலே ஹெட்டின் பிடி ஒரு பக்கம் தளரும், தண்ணீர் போருக்குள் இறங்கும். அதனால் ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, எல்லா நட்டையும் கால் சுற்று கால் சுற்றாகச் சேர்த்துத் தளர்த்த வேண்டும். புஷ் ராட் எட்டையும் எடுக்கும்போது முதலில் விரலால் சுழற்றிவிட்டு இழுக்கவும், இல்லாவிட்டால் ஆயிலின் ஒட்டுதலில் கீழே உள்ள டேப்பட்டும் கூடவே எழும். அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைத்தால் திரும்பப் போடும்போது இடம் மாறாது.

ஹெட் ஒட்டிக்கொண்டால் வழக்கமாகப் பிளக்கை மாட்டி இன்ஜினைச் சுற்றுவோம், கம்ப்ரெஷனே ஹெட்டை எழுப்பிவிடும். சுற்றாத இன்ஜினில் அந்த வழி கிடையாது. ஸ்டட்டைச் சுற்றி இரண்டு நாள் ஆயில் விட்டு, மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் தட்டித்தான் எழுப்ப வேண்டும். பேக்கிங் உட்காரும் முகத்தில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் அந்தக் கீறல் வழியாக வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் கசியும்.

திறந்ததும் எல்லாம் விளங்கியது. 3-ஆவது பிஸ்டன் மேலிருந்து 65 மி.மீ. கீழே, 4-ஆவது சுமார் 35 மி.மீ. கீழே. ஹெட்டை எழுப்பும் முன் கேம் நின்ற நிலையைக் குறித்து வைத்திருந்ததோடு சேர்த்துப் பார்த்தால், 1-ஆவது கம்ப்ரெஷனில் பாதி ஏறிய நிலையில் இன்ஜின் நின்றிருக்கிறது. அந்த நிலையில் 3-ஆவதின் இன்லெட் வால்வு நன்றாகத் திறந்திருக்கும், 4-ஆவதின் எக்ஸாஸ்ட் திறந்திருக்கும், 1-இலும் 2-இலும் எல்லாம் மூடியிருக்கும். கார்புரேட்டர் இல்லாத மேனிஃபோல்டின் வழியாக ஒன்பது மழைக்காலத்தின் உப்புக்காற்று நேராக இறங்கியது 3-ஆவதில்தான். 4-ஆவதுக்குச் சைலன்சர் வழியாகக் கொஞ்சம். மேனிஃபோல்ட் வாயில் ஒரு துணியைத் திணித்திருந்தால்கூட இந்த வேலையில் பெரும்பகுதி வந்திருக்காது.

3-ஆவது போரின் சுவர் பழைய தண்ணீர்த் தொட்டி மாதிரி செம்பழுப்பு. பிஸ்டன் விளிம்பும் போரும் சேரும் இடத்தில் துரு மேடு தட்டி, கோடு எது இடுக்கு எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. 4-ஆவதில் மேலாகத் தூள் துரு. 1, 2 இரண்டும் ஈயநிறத்தில் சுத்தம்.

எந்தப் பக்கம் அசைப்பது

வேலையின் உயிர் இங்கேதான். பிஸ்டனுக்கு மேலே உள்ள சுவர் துருப்பிடித்தது. கீழே உள்ள சுவர் சம்பின் ஆயில் பூச்சில் பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஆகவே முதல் அசைவு கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கித் தள்ளினால் ரிங் கரடான சுவரில் ஏறும்போது உடையும். இந்த வண்டியில் அதிர்ஷ்டம், இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே 3-ஆவது கீழே போகும் நிலையில் நின்றிருந்தது. அடிமட்டத்துக்கு இன்னும் 24 மி.மீ. இருந்தது. அதே நேரம் 1-உம் 4-உம் மேலே வரும், எனவே அவற்றின் மேல்சுவரும் சுத்தமாக வேண்டும்.

தண்ணீர்த் துளைகளிலும் புஷ் ராட் துளைகளிலும் பனியன் துணியை அடைத்து, பிஸ்டன் விளிம்பைச் சுற்றி விரலால் கெட்டி கிரீஸ் ஒரு வரப்பு போல வைத்தது. தேய்க்கும்போது உதிரும் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும், இடுக்குக்குள் இறங்காது. பிறகு டீசலில் நனைத்த 240 நம்பர் உப்புத்தாள், அடுத்து 320. கையால், சுற்றுவாக்கில், மேலும் கீழுமாக இழுக்காமல். ஒன்றரை மணி நேரம் ஆனது. கிரீஸைத் தூளோடு வழித்தெடுத்துவிட்டு மறுபடி கலவையை ஊற்றி இரண்டு இரவு.

தட்டுவதற்கு 65 மி.மீ. விட்டமுள்ள கருவேலக் கட்டை, ஒரு சாண் நீளம், அடிமுகம் சமமாக அறுத்தது. போரை உரசாத அளவு, ஆனால் பிஸ்டன் தலையின் விளிம்புவரை சுமை பரவும் அளவு. நடுவில் மட்டும் அடித்தால் பிஸ்டன் தலை குழியும். ஒருவர் கம்பியில் விடாமல் நிதானமான அழுத்தம் கொடுக்க, மற்றவர் ஒரு கிலோ சுத்தியலால் கட்டையைத் தட்டுவது. ஓங்கி அடிப்பதற்கும் தட்டுவதற்கும் வித்தியாசம் பெரிது. ஒவ்வொரு அடியும் கனெக்டிங் ராட் வழியாகப் பேரிங் ஷெல்லில்தான் போய் விழுகிறது. கல்யாண வீட்டில் தேங்காய் உடைப்பது போல வேண்டாம், கதவைத் தட்டுவது போலப் போதும். நாற்பது ஐம்பது தட்டுக்குப் பிறகு கட்டையின் ஓசை மாறியது. அதுவரை திண்ணென்று கேட்டது, சற்றுப் பொள்ளலாக ஒலித்தது. விளிம்பில் முடி அளவு கறுப்புக் கோடு தெரிந்தது. ஒரு மி.மீ.கூட இருக்காது.

அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். விட்டுவிட்டதே என்று முழுச் சுற்று சுற்றுகிறவர்கள்தான் ரிங்கை உடைக்கிறார்கள். அந்தக் கோட்டில் ஆயில் விட்டு அரை மணி நேரம் கழித்து, செல்ஃப் மோட்டார் கழற்றிய வாய் வழியாக ஃபிளைவீல் பல்லில் நெம்புகோலை வைத்து, வந்த தூரத்துக்குப் பின்னால் நகர்த்துவது. ஹேண்டில் நட்டைப் பின்பக்கமாகச் சுற்றினால் நட்டே கழன்றுவிடும், அதனால்தான் பின்னோட்டத்துக்கு ஃபிளைவீல். பிறகு முன்னால் சற்றுக் கூடுதலாக, மறுபடி பின்னால். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரியும் சுவரைத் துடைத்து ஆயில் பூசியாக வேண்டும். இப்படி முன்னும் பின்னுமாக 3-ஆவது அடிமட்டம் வரை இறங்க முழுதாக ஒரு பகல் ஆனது.

விட்டது வேறு, சரியானது வேறு

பிஸ்டன் இறங்கியதும் அது ஒன்பது வருஷம் நின்ற இடம் வெளியே தெரிந்தது. ரிங்குகள் இருந்த உயரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கறுத்த வளையங்கள். மேல் வளையத்தில் நகத்தை ஓட்டினால் இரண்டு இடத்தில் தட்டியது. அதே பிஸ்டனை அப்படியே மேலும் கீழும் ஓடவிட்டு ஸ்டார்ட் செய்தால் புகையும் சத்தமுமாக ஓடத்தான் செய்யும். ஆனால் ரிங் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் ஓட்டுவது சரியில்லை. சம்பைக் கழற்றியாயிற்று. குறுக்குச் சட்டம் இடித்தால் மவுண்டிங்கைத் தளர்த்தி இன்ஜினைச் சற்றுத் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இன்ஜினின் கனெக்டிங் ராட் கீழ்முனை சாய்வாகப் பிளந்திருக்கும், அதனால் ராடோடு பிஸ்டனை மேல்வழியாகவே எடுக்கலாம். எடுக்கும் முன் போரின் மேல்விளிம்பில் ரிங் தொடாத இடத்தில் நிற்கும் வரப்பைச் சுரண்டிவிட வேண்டும். இல்லையேல் மேல் ரிங் அதில் மாட்டிக் காடியை உடைக்கும். கேப்பும் ராடும் எந்தச் சிலிண்டர், எந்தப் பக்கம் என்று ஆணியால் குத்திக் குறித்துக்கொள்ளவும்.

3-ஆவதில் மேல் ரிங் இரண்டு துண்டு. இரண்டாவது ரிங் காடிக்குள் துருவில் புதைந்திருந்தது, ஓர் இரவு அசிட்டோனில் போட்டபின் வந்தது. காடிகளின் விளிம்பு முழுதாக இருந்தது. பழைய ரிங்கை உடைத்து அதன் நுனியாலேயே காடியைச் சுரண்டினால் அளவு மாறாமல் சுத்தமாகும். பேரிங் ஷெல்கள் நான்கிலும் தேய்மானம்தான், அரிப்பு இல்லை. கிராங்க் ஜர்னல் பளபளப்பாக இருந்தது.

இனி முடிவெடுக்கும் இடம். மூன்று வழிகள் உண்டு: ஹோன் (போரின் சுவரைக் கல்லால் லேசாகத் தேய்ப்பது) போட்டுப் புது ரிங், 3-ஆவதுக்கு மட்டும் ஸ்லீவ், நான்கையும் 20 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு) அகலமாக வெட்டும் போரிங். ஸ்லீவோ போரிங்கோ எதுவானாலும் பிளாக் முழுக்கப் பிரிந்து லேத் பட்டறைக்குப் போக வேண்டும். அப்படிப் போகிற பட்சத்தில் ஒன்றை மட்டும் ஸ்லீவ் போடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை, நான்கையும் 20 தௌ போட்டுப் புது பிஸ்டன் செட்டோடு முடிப்பதே மேல். போர் 73.53 மி.மீ. ஆகும், சிசி 1510-ஐத் தொடும். இந்த பிளாக்கில் தேய்மானம் நான்கு போரிலும் 0.06 மி.மீ.க்குள் இருந்தது. 0.15-ஐத் தாண்டியிருந்தால் யோசனையே வேண்டாம், போரிங்தான். ஹோன் போட்ட பிறகு 3-ஆவதில் நகம் தட்டுவது நின்று, இரண்டு கறுப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சின. வண்டி வாரத்துக்கு முப்பது கிலோமீட்டர் ஓடப்போவது. ஹோன், புது ரிங் என்று முடிவானது. புள்ளி இருக்கும் இடத்தில் ஆயில் கொஞ்சம் தங்கி எரியும், அதை ஒப்புக்கொண்டுதான் இந்த முடிவு.

மூன்று கல் ஹோன், 220 நம்பர். கையால் பிடிக்கும் டிரில்லை மெதுவாக ஓட்டி, டீசல் சொட்டுவிட்டு, ஒரு தடவைக்கு இருபது விநாடி. மேலும் கீழும் இழுக்கும் வேகத்தால் கோடுகள் ஒன்றையொன்று சுமார் 45 டிகிரியில் வெட்ட வேண்டும். பாய்முடைந்த மாதிரி தெரியும். கிராங்கை ஆயில் துணியால் சுற்றி மூடியிருந்தது. கழுவுவது வெந்நீரும் சோப்பும் நனைத்த துணியால். பெட்ரோலால் மட்டும் துடைத்தால் கல்தூள் இரும்பின் துளைகளில் தங்கி, புது ரிங்கைச் சில நாளில் தின்றுவிடும். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்து அது வெள்ளையாகவே வரும்வரை விடக் கூடாது. கழுவியதும் உலர்த்தி உடனே ஆயில் பூச வேண்டும். சென்னைக் காற்றில் பத்து நிமிஷத்தில் புதுத் துரு மஞ்சளாகப் படர்ந்துவிடும்.

ரிங் இடைவெளி பார்க்க, ரிங்கைப் போரில் வைத்துப் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி ஃபீலர் தகட்டால் அளப்பது. 0.25 முதல் 0.35 மி.மீ. வரை சரி. குறைவாக இருந்தால் அரத்தால் ராவிக்கொள்ளலாம், அதிகமாக இருந்தால் அந்த ரிங் வேண்டாம். ரிங் செட்டும் காப்பர் பேக்கிங்கும் சென்னை ஜிபி ரோட்டில் கிடைத்தன. அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுபோனாலும் இந்தச் சாமான்களுக்கு இன்னும் பஞ்சம் வரவில்லை. பழைய புஷ் ராட், ராக்கர் போன்றவைக்குப் புதுப்பேட்டை.

ஹெட்டில் 3-ஆவது இன்லெட் வால்வு எதிர்பார்த்தபடியே கைடில் ஒட்டியிருந்தது. எட்டையும் கழற்றி, தண்டைத் துடைத்து, பேஸ்ட் போட்டு இருக்கையில் தேய்த்தாயிற்று.

முதல் ஓட்டம்

மாட்டும் வேலையில் விசேஷம் ஏதுமில்லை: ரிங் வாய்கள் ஒரே கோட்டில் வராமல் திருப்பி வைப்பது, ஹெட் நட்டை நடுவிலிருந்து வெளியே மூன்று தவணையாகச் சர்வீஸ் கையேட்டின் அளவுக்கு இறுக்குவது, டேப்பட் இடைவெளி 15 தௌ. ஊறவைத்த கலவை சம்புக்குள் இறங்கியிருக்கும், பழைய ஆயிலோடு அது முழுக்கப் போக வேண்டும். புதிதாகச் சாதாரண மினரல் 20W-40-க்கு நிகரான தடிப்புள்ள ஆயில், சுமார் 4 லிட்டர், டிப் ஸ்டிக் பார்த்து. சிந்தெடிக் இப்போது வேண்டாம், ரிங் போரோடு உட்காருவதற்குக் கொஞ்சம் உராய்வு தேவை.

டேங்கில் கிடந்த பெட்ரோல் பிசின் ஆகியிருந்தது. டேங்கை இறக்கிக் கழுவி, ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றியது. எத்தனால் கலந்த இன்றைய இ20 பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது.

பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறும்வரை சுற்ற வேண்டும், ஒரு தடவைக்குப் பத்து விநாடி, நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு. ஆறாவது தடவையில் ஏறியது. பிறகுதான் பிளக், பெட்ரோல். பிடித்ததும் முதல் சில நிமிஷம் ஐடிலில் விடாமல் கொஞ்சம் ஆக்சிலரேட்டரைத் தூக்கி வைத்தால் கேமுக்கும் போருக்கும் ஆயில் தெறிக்கும். 3-ஆவதின் புகை முதல் கால் மணி நேரம் நீலமாக வந்து, பிறகு மெலிந்தது. அரை மணியில் நிறுத்தி, சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்து, ஃபில்டரையும் மாற்றியாயிற்று. ஆறியபின் ஹெட் நட்டும் டேப்பட்டும் மறுபடி ஒரு முறை.

500 கிலோமீட்டரில் கம்ப்ரெஷன் பார்த்தபோது 1, 2, 4 மூன்றும் 116 முதல் 120 பிஎஸ்ஐ, 3-ஆவது 104. உயர்ந்ததிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருப்பதால் இதை விட்டுவிடலாம். அன்று வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காந்தத்தை ஓட்டியதில் கறுப்புப் பசை மட்டும் ஒட்டியது, சில்லு ஏதும் இல்லை. 3-ஆவது பிளக்கின் நுனியில் மட்டும் சற்று ஈரமான கறுப்பு. அடுத்த பரிசோதனை 2000 கிலோமீட்டரில். அப்போது அந்த எண் 100-க்குக் கீழே இறங்கியிருந்தால் பிளாக் லேத் பட்டறைக்குப் போகும், 20 தௌ.